நோய்காவும் பூச்சிகளின் வழியை அறிந்து மறிப்பது எப்படி: யாழ்ப்பாண வளவுகளுக்கான வழிகாட்டி

மாரி மழை தொடங்கிச் சில கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காய்ச்சல் தலைதூக்கும்போது, ஊரில் முதலில் எழுகின்ற கேள்வி "ஏன் இன்னும் புகை அடிக்கவில்லை" என்பதுதான். புகை பறக்கும் நுளம்புகளைக் கொல்லும். காய்ச்சல்காரர் ஒருவரின் வீட்டைச் சுற்றி ஏற்கெனவே வைரசைச் சுமந்து திரியும் நுளம்புகளை உடனடியாகக் குறைப்பதற்கு அது உதவும். ஆனால் தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையையோ நீருக்குள் நெளியும் குடம்பியையோ அது தொடுவதில்லை என்பதால், அடுத்த கிழமையே அதே வளவிலிருந்து புதிய நுளம்புகள் கிளம்பிவிடும். எந்தப் பூச்சியானாலும் அதைப் பற்றி மூன்று விடயங்களைத் தெரிந்துகொண்ட பின்னரே கைவேலையைத் தொடங்க வேண்டும்: அது எங்கே வளர்கிறது, எந்த நேரத்தில் கடிக்கிறது, கிருமியை எந்த வழியால் காவுகிறது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் செலவழித்த பணமும் உழைப்பும் வேறொரு பூச்சிக்குப் போய்ச் சேரும்.

கிருமியைக் காவும் விதங்கள்

இலையான் கிருமியைக் காவும் விதம் மிக எளியது. அதன் கால் நுனியில் பசைத்தன்மையுள்ள நுண்மயிர்கள் இருக்கின்றன. மலத்தின் மீதோ சாணியின் மீதோ நடந்துவிட்டு உணவின் மீது வந்து அமரும்போது அவற்றில் ஒட்டியது உணவில் இறங்குகிறது. அத்துடன் இலையானுக்குக் கடிக்கும் வாய் இல்லாததால், திண்ம உணவைக் கரைப்பதற்குத் தன் வயிற்றிலிருந்து ஒரு துளியைக் கக்கி, அதில் கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. குசினிச் சுவரிலும் மின்குமிழ் வயரிலும் காணப்படும் சிறு புள்ளிகள் அது கக்கியவையும் கழித்தவையுமே. நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, வாந்திபேதி ஆகியவற்றின் கிருமிகள் இவ்வாறு பயணம் செய்கின்றன. கரப்பொத்தான் செய்வதும் ஏறத்தாழ இதுவே. இங்கு பூச்சி நோயாளியாவதில்லை. கிருமி அதற்குள் வளரவேண்டிய தேவையும் இல்லை. ஆகவே மலத்தையும் உணவையும் இலையானிடமிருந்து பிரித்துவிட்டால் காரியம் முடிந்துவிடும்.

நுளம்பின் கதை வேறு. டெங்கு நோயாளியின் இரத்தத்தைக் குடித்த பெண் நுளம்பு அன்றே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடுவதில்லை. வைரசு அதன் குடற்சுவரில் தொற்றி, அங்கே பெருகி, உடலெங்கும் பரவி, இறுதியில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதற்கு 8 முதல் 12 நாட்கள் வரை செல்கின்றன. அதன் பின்னர் உயிரோடிருக்கும் வரை அது கடிக்கும் ஒவ்வொருவருக்கும் வைரசைச் செலுத்தக்கூடியதாகிவிடுகிறது. எச்.ஐ.வி நுளம்பால் பரவாததற்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது: அந்த வைரசு நுளம்பின் குடலில் பெருகாமல் சமிபாடடைந்துவிடுகிறது, நுளம்பு இரத்தத்தை உறிஞ்சும் குழாயும் எச்சிலை விடும் குழாயும் வேறு வேறாக இருப்பதால் குடித்த இரத்தம் அடுத்தவரின் உடலுக்குள் திரும்பிப் போவதுமில்லை. யானைக்கால் நோய்ப் புழுவோ நுளம்புக்குள் எண்ணிக்கையில் பெருகாமல் வளர்ச்சி மட்டும் அடைகிறது. இதனால் அந்த நோய் வருவதற்கு நீண்ட காலம் பலமுறை கடிபட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது விதத்தில் கடி வெறும் வாசல் மட்டுமே. எலித் தெள்ளினால் வரும் ரைபஸ் காய்ச்சலில் கிருமி தெள்ளின் எச்சத்தில் இருக்கிறது. கடித்த இடத்தைச் சொறியும்போதுதான் அது தோலுக்குள் புகுகிறது. கொள்ளைநோயை எலியிலிருந்து மனிதருக்குக் கொண்டுவருவது தெள்ளு என்பதை போல்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898 இல் கராச்சியில் காட்டினார். அந்தக் கொள்ளைநோய் 1914 இல் கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்து சேர்ந்தது. எலிகளைப் பெருமளவில் கொன்றுவிட்டுத் தெள்ளை விட்டுவைத்தால், அது அடுத்த இரத்தத்தைத் தேடி மனிதரிடம் வரும் என்பதால், எலி பிடிக்கும் வீட்டில் தெள்ளுக்கும் சேர்த்தே மருந்து இட வேண்டும். மூட்டைப்பூச்சி தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் அது நோயைப் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை.

கிழமைக்கு ஒருநாள் வளவைச் சுற்றி வருதல்

நம்முடைய வெப்பத்தில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். எனவே வளவைச் சுற்றிப் பார்க்கும் வேலை கிழமைக்கு ஒருமுறை, அதுவும் தவறாமல் ஒரே நாளில், நடக்க வேண்டும். மாதம் ஒருமுறை செய்யும் பெரிய சிரமதானத்தைவிட இதுவே பயன் தரும்.

கிணற்றடியில் தொடங்குவது நல்லது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் வீட்டுக்கு வீடு கிணறு இருப்பதால், பிற இடங்களில் நுளம்பு தேடுவோர் எட்டிப் பார்க்காத இடமே இங்கு முதன்மையாகிறது. வெயில் சரிந்து விழும் நேரத்தில், கிணற்றின் ஓரம் நிழலாகத் தெரியும் பக்கத்தில் நீர்மட்டத்தை அசையாமல் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். அல்லது வெள்ளை நிற வாளியொன்றைச் சுவரோரமாக மெல்லச் சரித்து நீர் அள்ளிப் பார்க்க வேண்டும். வாளி அசைந்தவுடன் குடம்பிகள் அடியை நோக்கி ஓடிவிடும். ஒரு நிமிடம் பொறுத்தால் மூச்செடுப்பதற்கு மேலே வரும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, வாலில் குட்டையான தடித்த மூச்சுக்குழல் இருந்தால் அது டெங்கு நுளம்பின் இனம். குழல் மெல்லியதாக நீண்டிருந்தால் அது கியூலெக்ஸ், அதாவது யானைக்கால் நோயையும் யப்பானிய மூளைக்காய்ச்சலையும் காவும் இனம். குழலே இல்லாமல் நீர்ப்பரப்புக்குச் சமாந்தரமாகப் படுத்திருந்தால் அது மலேரியாவைக் காவும் அனொபிலிஸ்.

இந்த மூன்றாவதைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்காமல் இருக்கக் கூடாது. இலங்கையில் உள்நாட்டு மலேரியா கடைசியாக 2012 ஒக்ரோபரில் பதிவாகியது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனொபிலிஸ் ஸ்ரெபன்சி என்ற இந்தியாவின் நகர மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது; பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணறும் நீர்த் தாங்கியும் அதற்கு உகந்த இடங்கள். காவி இருக்கிறது, ஒட்டுண்ணி இல்லை என்பதே இன்றைய நிலை. ஒட்டுண்ணியோ இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ பயணி ஒருவரின் இரத்தத்தில் எந்த நாளும் வந்திறங்கலாம். ஆகையால் அங்கிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், மாதக்கணக்கு ஆகியிருந்தாலும், பயணத்தை மருத்துவரிடம் சொல்லி மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்விக்க வேண்டும்.

கிணற்றுக்கு நுளம்பு வலையை இறுக்கமாகக் கட்டிப் போடுவதும், குடம்பியைத் தின்னும் கப்பி மீன்களை விடுவதும் நல்ல வழிகள். "எங்கள் கிணறு சவர், அதில் நுளம்பு வராது" என்று கரையோரக் கிராமங்களில் சொல்வதை நம்ப வேண்டாம். டெங்கு நுளம்புகளின் குடம்பிகள் உவர் நீரிலும் வளர்வது யாழ்ப்பாணக் கரையோரத்திலேயே ஆய்வாளர்களால் காட்டப்பட்டிருக்கிறது. கடலோரத்தில் விடப்பட்ட படகுகளில் தேங்கிய நீரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது சீமெந்துத் தொட்டி. இதில் நீரை வெளியேற்றினால் போதும் என்று நினைப்பதுதான் பரவலான தவறு. டெங்கு நுளம்பு தன் முட்டைகளை நீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டுகிறது. கரித்தூள் சிந்தியதுபோலத் தெரியும் அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த மழையில் நீர் ஏறித் தொட்டவுடன் பொரிக்கும். கோடை முழுவதும் நுளம்பே இல்லாத வளவில் ஐப்பசி மழை பெய்து பத்து நாட்களில் அவை எங்கிருந்து வந்தன என்ற வியப்புக்கு இதுவே பதில். ஆகவே தொட்டியை இறைத்து, உட்சுவரை மேல் விளிம்பிலிருந்து கீழ்வரை தும்புத் தூரிகையால் அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரைக் கானுக்குள் விடாமல் வெயில் பட்ட மண்ணில் ஊற்ற வேண்டும். மலர்ச்சாடித் தட்டு, நாய்க்கும் கோழிக்கும் நீர் வைக்கும் பாத்திரம், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் நீர் சேரும் தட்டு ஆகியவற்றுக்கும் இதே தேய்ப்புத்தான். குளிர்சாதனப் பெட்டியின் தட்டைப் பலர் அது இருக்கிறதென்றே அறியாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள்.

பின்னர் கோடிப்புறம். சிரட்டை, இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை, பழைய ரயர், உடைந்த சாடி, வேலியோரத்தில் நிமிர்ந்து கிடக்கும் பனங்கங்குமட்டை, நிலத்தில் விழுந்த தென்னம்பாளை ஆகியவற்றில் தேங்கும் நீர் ஒரு குவளைகூட இராது. ஆனால் டெங்கு நுளம்புக்கு அது தாராளம். சிரட்டைகளைக் கவிழ்த்து அடுக்கினால் அடுப்புக்கும் காய்ந்திருக்கும். வீட்டுப் பீலிகளில் வேப்பிலைச் சருகு அடைத்து நீர் நிற்கிறதா என்று மாரிக்கு முன்னர் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் ஏணி வைத்துப் பார்க்க வேண்டும்.

மலசலகூடக் குழியின் காற்றுக்குழாய் நுனியில் ஒரு துண்டு நைலோன் வலையைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது ஐந்து நிமிட வேலை. கியூலெக்ஸ் நுளம்பு குழிக்குள் முட்டையிடுவதையும், குழிக்குள் வளர்ந்த இலையான் குசினிக்கு வருவதையும் அந்தத் துண்டு வலை மறித்துவிடும். யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை நீக்கிவிட்டதை 2016 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. ஆனாலும் அந்த நுளம்பு ஒவ்வொரு இரவும் நம் காதருகில் பாடத்தான் செய்கிறது.

இலையான் பெருகும் காலத்தைக் குடாநாட்டில் நாட்காட்டி இல்லாமலே சொல்லலாம்: பனம்பழம் விழத் தொடங்கியதும் அதுவும் வரும். விழுந்த பழங்களை அன்றாடம் பொறுக்க வேண்டும்; மாட்டுக்குப் போடாதவற்றைக் குழியிலிட்டு மண்ணால் மூட வேண்டும். பனாட்டுக்காகப் பாயில் ஊற்றிய களி காய்வதற்கு நாட்கள் எடுப்பதால், அதன் மேல் வலையைத் தொடாதவாறு உயர்த்திக் கட்ட வேண்டும். வலை களியில் பட்டால் இலையான் வலைக்கு மேலிருந்தே கக்கிவிடும். கோவில் அன்னதானங்களில் சோற்றுப் பாத்திரத்தை மூடுவோர் பச்சடிக்கும் சம்பலுக்கும் மூடி தேடுவதில்லை. சூடில்லாத அவற்றில்தான் கிருமி பிழைக்கும்.

மாட்டுக்கொட்டிலும் நாய்க்கூடும்

கால்நடைகளைப் பொறுத்தவரை, 2020 ஆம் ஆண்டில் இலங்கைக்குள் புகுந்து வட மாகாணத்து மாடுகளை வாட்டிய தோற்கழலை நோய் நல்ல பாடமாக அமைந்தது. காய்ச்சல், பால் குறைதல், உடலெங்கும் பாக்கு முதல் எலுமிச்சை அளவிலான கட்டிகள் என்பன அதன் அறிகுறிகள். அதன் வைரசைக் கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் உண்ணிகளும் ஒரு மாட்டிலிருந்து மற்றதற்குக் கொண்டுசெல்கின்றன. மாட்டின் கால்களைக் கடிக்கும் கொட்டில் ஈ, வீட்டு இலையானைப் போலவே தோன்றினாலும், அதன் வாயில் ஊசி போன்ற உறிஞ்சி முன்னோக்கி நீண்டிருக்கும்; மாடு ஓயாமல் காலை உதைத்துக்கொண்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். இந்த ஈ மாட்டின் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்போது மாடு வாலால் அடித்தால், பாதி வயிற்றோடு பறந்து பக்கத்து மாட்டில் மீதியைக் குடிக்கிறது. வாயில் ஒட்டியிருந்த இரத்தம் அப்படியே போய்ச் சேர்கிறது. நோயுற்ற மாட்டைத் தனியே கட்டுவது எவ்வளவு அவசியமென்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த ஈ வளர்வது சாணியும் சலமும் வைக்கோலும் கலந்து புளித்த ஈரக் குப்பையில். கொட்டிலைக் கூட்டி எருக்கும்பிக்கு வாரினால் மட்டும் போதாது. கும்பியைக் கிழமைக்கு ஒருமுறை புரட்டிச் சூடேற விட வேண்டும், அல்லது மெல்லியதாகப் பரப்பிக் காய விட வேண்டும். மாலையில் வேப்பிலை போட்டு மூட்டம் இடும் வழக்கம் ஈயையும் நுளம்பையும் சில மணி நேரம் விலக்கி வைக்கும், அவ்வளவே. நோய்க்குத் தடுப்பூசி உண்டு. கட்டி கண்டவுடன் மிருக வைத்தியருக்கு அறிவித்து, வைத்தியர் வரும் வரை மாட்டை விற்கவோ வேறு ஊருக்கு ஓட்டிச் செல்லவோ கூடாது. இந்த நோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை. பாலைக் காய்ச்சிக் குடிப்பது எந்த நாளும் உள்ள விதி.

மாட்டின் சலம் கோப்பிக் கறுப்பாகவோ சிவப்பாகவோ போனால் உண்ணியால் வரும் பபீசியா நோயைச் சந்தேகிக்க வேண்டும். இரத்தச் சிவப்பணுக்கள் உடைவதால் அந்த நிறம் வருகிறது, தாமதித்தால் மாடு தப்பாது. நாய்களிலும் உண்ணிக் காய்ச்சல்கள் உண்டு. சாப்பாட்டை மறுத்து, முரசு வெளிறி, மூக்கால் இரத்தம் வடியும் நாயை உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். நாயின் மீதுள்ள உண்ணியைப் பிடுங்குவதுடன் நிற்பவர்களே அதிகம். இரத்தம் நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது என்பதால், படுக்கும் இடத்தின் வெடிப்புகளைச் சாந்து பூசி அடைக்காமல் நாயை மட்டும் மருந்தில் குளிப்பாட்டுவது முடிவில்லாத வேலையாகிவிடும். உண்ணியைச் சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்துச் சவர்க்கார நீரில் போட வேண்டும். மண்ணெண்ணெய் பூசுவதும் நெருப்புக்குச்சியால் சுடுவதும் விரல்களால் நசுக்குவதும் அதன் வயிற்றில் உள்ளதை வெளியே வரச்செய்யும் செயல்கள்.

நாய்க்கும் மனிதருக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு. நாயின் தோலுக்கடியில் வாழும் ஒருவகைப் புழுவை நுளம்பு மனிதருக்கும் கொண்டுவரும். கண்ணிமையிலோ வேறு இடத்திலோ சிறு கட்டியாக அது வெளிப்படும். பயப்பட வேண்டிய நோயல்ல, கட்டியை அகற்றினால் சரியாகிவிடும்.

பற்றையும் உண்ணிக் காய்ச்சலும்

உண்ணியும் சிற்றுண்ணியும் கணக்கின்படி பூச்சிகளல்ல, எட்டுக்கால் இனத்தவை. ஆனால் இன்னொரு வகை ரைபஸ் காய்ச்சலைத் தரும் பற்றைச் சிற்றுண்ணி, கடிக்கும் குடம்பிப் பருவத்தில் ஆறு கால்களோடுதான் திரிகிறது. கண்ணுக்கு அரிதாகவே தென்படும் அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மட்டும் விலங்கின் உடலில் உணவெடுக்கிறது. அப்படியானால் கிருமி அதற்கு எப்படி வந்தது? தாயிடமிருந்து முட்டை வழியாக. எனவே நோயாளி இல்லாத ஊரிலும் பற்றை இருந்தால் நோய் இருக்கலாம்.

மாரிக்காலத்தில் நீண்ட நாள் காய்ச்சலோடு வருவோரில் இது கணிசமாக இருப்பதைக் குடாநாட்டு மருத்துவர்கள் அறிவார்கள். தோட்டத்தில் புல் செருக்கியவர், வேலிக் கதியால் வெட்டியவர், பற்றைக்குள் விறகு பொறுக்கியவர் ஆகியோர் வீட்டுக்கு வந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் குளித்து, அணிந்த உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும். வேலை நேரத்தில் முழுக்காற்சட்டையும் சப்பாத்தும் அணிவது நல்லது. கடித்த பின் 10 நாட்களளவில் காய்ச்சலும் தலையிடியும் தொடங்கும். அப்போது அக்குள், இடுப்பு மடிப்பு, அரை, மார்பின் கீழ்ப்பகுதி ஆகிய மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். அது வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரிந்திராது. வெட்கத்தால் காட்டாமல் விடுவோர் பலர். அந்தப் பொருக்கு ஒன்றே மருத்துவருக்கு நோயைச் சொல்லிவிடும். டொக்சிசைக்கிளின் போன்ற உரிய மருந்து கிடைத்தால் காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கும். வழக்கமான பெனிசிலின் வகை மருந்துகள் இதில் வேலை செய்யாது.

காய்ச்சல் வந்த பின்னர்

டெங்கு நோயாளியின் இரத்தத்தில் காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களளவில் வைரசு நிறைந்திருக்கும். டெங்கு நுளம்பு காலையிலும் மாலைக்கு முன்னருமே கடிப்பதால், அந்த நாட்களில் நோயாளி பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க வேண்டும். இது நோயாளியைக் காப்பதற்கல்ல, வீட்டில் உள்ள மற்றவர்களைக் காப்பதற்கு. இரவில் மட்டும் வலை கட்டுவது கியூலெக்சுக்கு எதிரான காவல். 2006 இல் யாழ்ப்பாணத்தில் மூட்டு வலியால் மக்களை முடக்கிய சிக்குன்குனியாவும் டெங்கு நுளம்பால் வந்ததே. காவல் முறையும் அதே பகல் வலைதான்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், எடைக்கேற்ற அளவில், ஆறு மணித்தியால இடைவெளியில் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபினாக் ஆகியவை இரத்தப்போக்கைக் கூட்டும் என்பதால் கூடாது. கஞ்சி, இளநீர், ஜீவனி ஆகியவற்றை அடிக்கடி கொடுக்க வேண்டும். சிவப்பு, மண்ணிற பானங்களைத் தவிர்த்தால் வாந்தியில் இரத்தம் உண்டா என்று பார்ப்பது எளிது. மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். காய்ச்சல் இறங்கிய அன்று "சுகமாகிவிட்டது" என்று வீட்டார் மூச்சு விடுவார்கள். குருதிக் கலங்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, சலம் குறைதல், கைகால் குளிர்தல், அமைதியின்மை, இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆளில்லாத வளவு

எல்லாவற்றையும் செய்த பின்னரும் நுளம்பு குறையாத வீடுகள் உண்டு. பெரும்பாலும் பக்கத்து வளவு பூட்டிக் கிடக்கும், அதன் உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். டெங்கு நுளம்பு நெடுந்தூரம் பறப்பதில்லை என்பதால், ஒரு வளவின் நுளம்பு சுற்றியுள்ள சில வீடுகளையே கடிக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவைத் துப்புரவாக வைத்திருப்பது உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் பொறுப்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தால் அவர் பார்வையிட்டு நடவடிக்கை எடுக்கலாம். ஆயினும் முதலில் தொலைபேசியில் பேசிப் பார்ப்பதே அயலுக்கு அழகு. பேசும்போது "வளவைத் துப்புரவாக்குங்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, கிணற்றுக்கு வலை, மேல் தாங்கிக்கு மூடி, மலசலகூடத்தின் நீர்க் கிண்ணத்தையும் சிஸ்ரனையும் வற்றச் செய்து மூடுதல் என்று மூன்று வேலைகளைக் குறிப்பிட்டு, கூலியும் சொல்லி, புரட்டாதி முடிவதற்குள் ஒருவரை அமர்த்தக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.